ஆடுகளத்தில் ஒரு சுகாதாரப் பாடசாலை

ஆபிரிக்காவின் பெருநகரங்களை அடுத்துள்ள வறியவர் குடியிருப்புக்களில் மாலை வேளையிலே தவறாமற் காணத்தக்க காட்சி ஒன்றுண்டு. பழைய பிளாஸ்ரிக் பைகளைச் சுருட்டி, கந்தைத் துணியாற் பொதிந்து, கயிற்றினால் இறுக வரிந்து கட்டிய ஒரு பந்து. அதன் பின்னே வெறுங்காலுடன் ஓடும் இருபது முப்பது சிறுவர். பக்கத்திலே கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கும். கரையெங்கும் குப்பை குவிந்திருக்கும். பந்து அந்நீரில் விழுந்தால் ஒரு சிறுவன் இறங்கி எடுத்துவந்து, கையைக் காற்சட்டையிலே துடைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வான். அதே கையால் இரவில் உணவு உண்பான். வயிற்றோட்டமும் குடற்புழுவும் அவனை அடையும் வழி இதுவே.

அதே குடியிருப்பில், அதே மாலையில், சுகாதார அலுவலர் ஒருவர் மரநிழலில் நின்று கைகழுவுதலின் அவசியம் பற்றி உரையாற்றினால் கேட்க எத்தனை பேர் வருவர்? முதியோர் சிலர் வருவர். வேலையற்றோர் சிலர் வருவர். பந்து உருளும் இடத்திலோ, மணி அடிக்காமலும் அழைப்பு விடுக்காமலும் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் கூடிவிடுகின்றனர். நோய் எங்கே பிறக்கின்றதோ அங்கேயே கேட்போரும் கூடி நிற்கின்றனர். அவ்விடத்திலே சுகாதாரக் கல்வியைப் புகட்டினால் என்ன என்னும் எண்ணமே, சென்ற நாற்பது ஆண்டு காலத்தில் ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் ஓர் இயக்கமாக வளர்ந்துள்ளது.

சுகாதாரக் கல்வி என்பது செய்தி அறிவித்தல் மாத்திரமன்று. நோய் எவ்வாறு வருகின்றது என்று அறிவது அதன் முதற்படி. அறிந்ததை நாள்தோறும் செய்யும் பழக்கமாக மாற்றுவதே அதன் முடிந்த பயன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இத்துறையிற் போல வேறெத்துறையிலும் பொருந்தாது. நுளம்பு மலேரியாவைப் பரப்புகின்றது என்று பரீட்சையில் எழுதிய மாணவன், வலையின்றியே உறங்குகின்றான். அறிவுக்கும் பழக்கத்துக்கும் இடையில் இவ்வளவு பெரிய பள்ளம் ஏற்படுவானேன்?

வறிய சமூகங்களில் இப்பள்ளத்தை ஆழமாக்கும் காரணங்கள் மூன்று. முதலாவது, பாடசாலைக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளின் தொகை பெரிது. கட்டணம் செலுத்தவும் சீருடை வாங்கவும் இயலாதவர்களுக்குப் பாடப் புத்தகத்திலுள்ள சுகாதாரம் சென்று சேர்வதில்லை. இரண்டாவது, அறிவுரை கூறுபவர் பெரும்பாலும் அந்நியர். நல்ல உடை அணிந்து, வாகனத்தில் வந்து, ஒரு மணி நேரம் பேசிச் செல்பவர். அவருடைய வாழ்வு வேறு, கேட்போர் வாழ்வு வேறு. மூன்றாவது, மிகவும் பேசவேண்டிய நோய்களைப் பற்றியே பேசுவதற்கு நாணமும் அச்சமும் தடையாய் நிற்கின்றன. இம்மூன்று தடைகளையும் ஒருங்கே தாண்டும் ஆற்றல் விளையாட்டுக்கு உண்டா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

உலக சபைகள் இதனை ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகளாயின. உடற்கல்வியும் விளையாட்டும் மனிதர் யாவருக்கும் உரியன என யுனெஸ்கோ 1978இல் ஒரு சாசனம் வெளியிட்டது. கல்வி, சுகாதாரம், அபிவிருத்தி, சமாதானம் ஆகியவற்றை வளர்க்கும் கருவியாக விளையாட்டைக் கொள்ளவேண்டும் என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2003இல் தீர்மானித்தது; 2005ஆம் ஆண்டை விளையாட்டுக்கும் உடற்கல்விக்கும் உரிய சர்வதேச ஆண்டாகவும் கொண்டாடியது. ஆனால் தீர்மானங்கள் எழுதப்படுவதற்கு முன்னரே, குப்பைமேட்டின் நடுவிலே இவ்வேலை தொடங்கிவிட்டது.

கென்யாவின் தலைநகரமாகிய நைரோபியில் மாதாரே என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. சிறியதோர் ஆற்றின் இருமருங்கிலும் தகரத்தாலும் மண்ணாலும் பலகையாலும் அமைந்த குடிசைகள் நெருங்கிக் கிடக்கின்றன. மாநகரத்துக் குப்பை வண்டிகள் இங்கு வருவதரிது. வீட்டுக் கழிவுகளெல்லாம் வாய்க்காலிலே சேரும். மழை பெய்தால் வாய்க்கால் அடைபட்டு அழுக்குநீர் குடிசைகளுக்குள் புகும். 1987ஆம் ஆண்டில், சுற்றாடல் விடயங்களில் ஐக்கிய நாடுகள் சபைக்கு ஆலோசகராய் நைரோபியில் பணியாற்றிய பொப் மன்றோ என்னும் கனேடியர், இங்குள்ள சிறுவரின் உதைபந்தாட்டத்துக்கு உதவ முன்வந்தார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: தாம் ஏதேனும் செய்யவேண்டுமாயின் சிறுவரும் தம் ஊருக்கு ஏதேனும் செய்யவேண்டும். இவ்வாறு எழுந்ததே மாதாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம்.

இச்சங்கம் வகுத்த விதி எளியது; ஆயினும் நுட்பமானது. போட்டியில் வெற்றி பெறும் அணிக்கு 3 புள்ளிகள். தன் பகுதியில் குப்பை அகற்றி வாய்க்காலைத் துப்புரவு செய்யும் அணிக்கு 6 புள்ளிகள். இரண்டும் ஒரே புள்ளிப் பட்டியலிற் சேரும். எனவே, எவ்வளவு திறமையாக ஆடினாலும், மண்வெட்டியைத் தொடாத அணி முதலிடத்தைப் பெறுதல் கடினம். சனி, ஞாயிறு தினங்களில் சிறுவர்கள் தள்ளுவண்டியும் மண்வெட்டியும் கொண்டு தெருவில் இறங்கினர். குப்பை அள்ளுவது இழிதொழில் என்னும் எண்ணம் அங்கே தானாகவே தேய்ந்தது. அது வெற்றிக்கு வழி ஆயிற்று. வாய்க்காலைத் தன் கையால் தோண்டிய சிறுவன், அடுத்த நாள் அதில் குப்பை கொட்ட வருபவரைத் தடுப்பான். கொட்டுபவர் தன் தாயாராயினும் தடுப்பான். ஒரு நூறு சுவரொட்டிகள் செய்ய இயலாத காரியத்தை இந்த 6 புள்ளிகள் செய்தன. 1992இல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் நடைபெற்ற புவி உச்சி மாநாட்டின்போது ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் குளோபல் 500 விருது இச்சங்கத்துக்குக் கிடைத்தது.

சங்கம் வளர்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. பெண் பிள்ளைகளின் அணிகள் 1992இல் தொடங்கின. பிற்காலத்தில் 20,000க்கு மேற்பட்ட இளையோர் இதன் போட்டிகளிற் கலந்துகொள்ளலாயினர். போட்டிகளை ஒழுங்கு செய்வதும், மத்தியஸ்தம் வகிப்பதும், குழுக்களை நடத்துவதும் பெரும்பாலும் இளையோரின் பொறுப்பேயாகும். ஊர்ப் பணியிலும் பயிற்சிப் பணியிலும் முன்னின்றவர்களுக்குப் படிப்புச் செலவு பரிசாக வழங்கப்பட்டது. பணம் பாடசாலைக்கே நேரிற் சென்றது. 1994இல் இச்சங்கத்திலிருந்து மாதாரே யுனைற்றெட் என்னும் கழகம் உருவானது. அது 1998இல் கென்யாவின் மோய் பொற்கிண்ணத்தையும், 2008இல் நாட்டின் முதற்தரக் கழகப் போட்டியையும் வென்றது. சேரியில் பிறந்து நாடறிந்த வீரராக உயர்ந்தவர்களும் ஊர்ப் பணியிலிருந்து விலக்குப் பெறவில்லை. பயிற்சி முடிந்ததும் சிறுவர்களிடையே சென்று பேசுதல் அவர்கள் கடமையாக இருந்தது. அப்பேச்சின் பொருள் 1994 முதல் எயிட்ஸ் நோயும் ஆயிற்று.

எயிட்ஸ் நோய்க்கு வரும்போது விளையாட்டின் பணி முற்றிலும் வேறாகின்றது. குப்பை கண்ணுக்குத் தெரியும், எச்.ஐ.வி. கிருமி தெரியாது. குப்பையைப் பற்றி வாய்விட்டுப் பேசலாம்; இந்நோயைப் பற்றிப் பேச வீட்டில் தந்தைக்கும் நாவெழாது, பாடசாலையில் ஆசிரியருக்கும் நாவெழாது. 1990களின் பிற்பகுதியில் சிம்பாப்வே நாட்டில் வயதுவந்தோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் உடலில் இக்கிருமி இருந்தது. நோயை அடக்கும் மருந்துகள் செல்வ நாடுகளில் 1996 முதல் கிடைத்தனவாயினும், ஆபிரிக்க ஏழைகளுக்கு அவை நெடுங்காலம் எட்டாக்கனியாயிருந்தன. சவ ஊர்வலங்கள் வாரந்தோறும் சென்றன; மரணத்தின் காரணமோ நிமோனியா என்றும் காசநோய் என்றும் கூறப்பட்டது. தென்னாபிரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி நெல்சன் மண்டேலா 2005 ஜனவரியில் தம் மகன் எயிட்ஸ் நோயால் இறந்தார் என்று வெளிப்படையாக அறிவித்தபோது உலகமே வியந்தது. அத்தகைய பெருமகனார் வாய்திறந்ததே செய்தியாகும் அளவுக்கு மௌனம் அக்காலத்தில் இறுகிக் கிடந்தது.

சிம்பாப்வேயின் இரண்டாவது பெருநகரம் புலவாயோ. அந்நகர மக்களின் உயிர்மூச்சு ஹைலாண்டர்ஸ் என்னும் உதைபந்தாட்டக் கழகம். அக்கழகத்துடன் தொடர்புகொண்டிருந்த ரொமி கிளார்க் என்பவர் பின்னர் அமெரிக்காவில் சிறுபிள்ளை வைத்தியரானார். தம்முடன் ஆடிய தோழர்கள் ஒருவர்பின் ஒருவராக எயிட்ஸ் நோயால் மடிந்ததையும், அவர்களைப் பற்றி ஒருவரும் உண்மை பேசாததையும் அவரால் மறக்க இயலவில்லை. சிம்பாப்வேயின் தேசிய அணி வீரர் மெதெம்பே இண்ட்லோவு, புலவாயோவில் ஆடிய அமெரிக்கர்களான கேர்க் பிரெட்றிக், ஈதன் சோன் ஆகியோருடன் சேர்ந்து 2002இல் கிராஸ்றூட் சொக்கர் என்னும் ஸ்தாபனத்தை அவர் அமைத்தார். ஈதன் சோன் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வென்ற பரிசுப் பணத்தின் ஒரு பகுதி அதன் தொடக்கத்துக்கு உதவியது. ஊரார் போற்றும் வீரர்கள் இளையோரிடம் பேசினால் மௌனம் உடையும் என்பதே இவர்கள் கொண்ட நம்பிக்கை.

இவர்கள் பேச்சை மட்டும் நம்பவில்லை, விளையாட்டையே பாடமாக்கினர். ஓர் உதாரணம்: பிள்ளைகள் இரு வரிசைகளாகத் தோளோடு தோள் சேர்ந்து எதிரெதிரே நிற்கின்றனர். ஒரு வரிசையினர் சிறிய ரெனிஸ் பந்தொன்றைத் தம் முதுகுக்குப் பின்னால் கைமாற்றுகின்றனர். பந்து யாரிடம் இருக்கின்றது என்பதை எதிர் வரிசையினர் முகத்தைப் பார்த்துக் கூறவேண்டும். ஊகம் தவறும்போதெல்லாம் சிரிப்பொலி எழும். முடிவிலே பயிற்றுநர் கேட்பார்: "இந்தப் பந்து எச்.ஐ.வி. என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்து யாரிடம் இருக்கின்றது என்று கண்டுபிடிக்க முடிந்ததா?" முடியவில்லை என்பதை எல்லோரும் சற்று முன்னரே தம் அனுபவத்தால் அறிந்துவிட்டனர். இரத்தப் பரிசோதனையன்றி வேறு வழியில்லை என்னும் உண்மை, மனனஞ் செய்யாமலே மனத்திற் பதிகின்றது. மெலிந்தவரைச் சுட்டி ஐயுறுவதும், கொழுத்தவரை நம்பி ஏமாறுவதும் ஒருங்கே பேதைமை என்பதும் புலனாகின்றது.

மற்றோர் ஆட்டத்தில் மைதானத்தில் கூம்புகள் பல நாட்டப்படும். ஒவ்வொரு கூம்பும் ஓர் ஆபத்தின் பெயரைத் தாங்கும்: பலருடன் பாலுறவு, பாதுகாப்பற்ற உறவு, வயதில் மிக மூத்தவருடன் தொடர்பு, மதுப்பழக்கம். பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு இவற்றினிடையே வளைந்து செல்லவேண்டும். முதற் சுற்றில் கூம்பைத் தொட்டவர் மாத்திரம் தண்டனையாகத் தண்டால் எடுப்பார். இரண்டாம் சுற்றில் அவருடைய அணியினர் அனைவரும் எடுக்கவேண்டும். மூன்றாம் சுற்றில் மைதானத்தில் நிற்கும் யாவரும் எடுக்கவேண்டும். ஒருவர் தவறினால் அத்துன்பம் குடும்பத்துக்கும், பின்பு ஊருக்கும் பரவும் என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு விளக்குவது? வயதில் மூத்தவருடன் தொடர்பு என்னும் கூம்பு காரணமின்றி நாட்டப்பட்டதன்று. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் இளம் ஆண்களைவிட இளம் பெண்களே அதிகமாக எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகின்றனர், உடையும் பணமும் தந்து நெருங்கும் மூத்த ஆண்கள் அதற்கு ஒரு முக்கிய காரணம்.

இவ்வாட்டங்களை நடத்துவோர் வெளியூர் அறிஞரல்லர். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த, இருபது வயதை ஒட்டிய யுவர்களும் யுவதிகளுமே பயிற்றுநர். அவர்களின் பாடத்தில் ஒரு முக்கிய பகுதி, தம் சொந்த வாழ்க்கைக் கதையைக் கூறுதல். தன் தாயை இந்நோய்க்குப் பறிகொடுத்ததை ஒரு பயிற்றுநர் சொல்லும்போது, கேட்டிருக்கும் பிள்ளைகளில் ஒருவன் தன் வீட்டிலும் அப்படித்தான் என்று வாய் திறக்கின்றான். சுகாதாரக் கல்வி அங்கேதான் உண்மையில் தொடங்குகின்றது. பந்து பிள்ளைகளைக் கூட்டுகின்றது. ஆனால் அவர்களைப் பேசவைப்பது பந்தன்று, நம்பிக்கைக்குரிய ஒரு மனிதர்.

இதற்குப் புலவாயோவிலே தெளிவான சான்று ஒன்று கிடைத்தது. ஆண்களின் முன்தோலை அகற்றும் சத்திரசிகிச்சை, பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 60 சதவீதம் குறைக்கும் என்பது தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா ஆகிய நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளால் 2005க்கும் 2007க்கும் இடையில் நிறுவப்பட்டது. ஆனால் இவ்வழக்கம் இல்லாத சமூகத்து ஆண்கள் அச்சத்தாலும் நாணத்தாலும் வைத்தியசாலைக்கு வரவில்லை. உதைபந்தாட்ட அணிகளிடையே ஒரு மணி நேர ஆட்டமும் பேச்சும் நடத்திப் பார்த்தனர். பேச்சைக் கேட்ட அணிகளில் 100க்கு ஏறத்தாழ 5 பேரும், கேளாத அணிகளில் 100க்கு ஒருவர்கூட அன்றியும் சிகிச்சைக்கு முன்வந்தனர். பின்னர் பாடசாலை மாணவரிடையே இம்முறையைத் திருத்தி நடத்தினர். தாமே அச்சிகிச்சையைச் செய்துகொண்ட பயிற்றுநர் தம் அனுபவத்தைக் கூறினார். தொலைபேசியில் அழைத்து ஐயம் தீர்த்தார். வைத்தியசாலை வரை கூடவே சென்றார். அங்கே முன்வந்தோர் 100க்கு 12 பேர் அளவினராயினர். இவ்வழிகாட்டல் பெறாத பாடசாலைகளில் 5 பேருக்கும் குறைவு. மைதானத்திலிருந்து வைத்தியசாலை வாயில் வரை உள்ள தூரத்தை அறிவுரை தனியே கடப்பதில்லை. துணைக்கு ஒருவர் நடந்துவர வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

பெண் பிள்ளைகளின் நிலை தனியே நோக்கத்தக்கது. மைதானம் யாவருக்கும் பொது என்று சொல்லப்படினும், பழக்கத்தால் அது ஆண்களுக்கே உரியதாயிருந்தது. சிறுவன் பந்தாடும் வேளையில் சிறுமி தண்ணீர் சுமக்கின்றாள், விறகு பொறுக்குகின்றாள், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்கின்றாள். எனவே உதைபந்தாட்டத்தின் வழியே சுகாதாரம் கற்பிக்கப் புகுவோர் கவனமின்றி இருப்பின், மிகுந்த ஆபத்துக்குள்ளான பிள்ளைகளே பாடத்துக்கு வெளியே நிற்பர். கென்யாவின் இந்து சமுத்திரக் கரையிலுள்ள கிலிபி மாவட்டத்தில் 2001ஆம் ஆண்டளவில் தோன்றிய மூவிங் த கோல்போஸ்ற்ஸ் என்னும் ஸ்தாபனம் இக்குறையைப் போக்கவே எழுந்தது. அங்கே ஆடுவோரும் பெண்கள், மத்தியஸ்தம் வகிப்போரும் பெண்கள், குழுவை நடத்துவோரும் பெண்கள். இளவயதிற் கருத்தரித்தலும் அதனாற் கல்வி முறிவதும் அப்பகுதியின் பெருங்கவலைகள். ஆட்டம் முடிந்து மரநிழலில் அமரும்போது, மாதவிலக்கின்போது தூய்மை பேணுதல், கருத்தரிப்பு, பாலியல் நோய்கள், வற்புறுத்தலை மறுத்துரைத்தல் ஆகியவை பேசப்படுகின்றன. தாயிடம் கேட்கக் கூசிய கேள்வியை மூத்த ஆட்டக்காரியிடம் சிறுமி கேட்கின்றாள். ஊரார் பார்க்கக் குரல் கொடுத்துப் பந்து கேட்டுப் பழகியவளுக்கு, வேண்டாம் என்று உரத்துச் சொல்லவும் துணிவு வருகின்றது.

விளையாட்டு எயிட்ஸ் நோய்க்கு மாத்திரம் உரிய மருந்தன்று. சர்வதேச உதைபந்தாட்டச் சங்கமாகிய பீபாவின் மருத்துவ ஆய்வுப் பிரிவினர், பிள்ளைகளுக்காக 11 பாடங்கள் கொண்ட திட்டம் ஒன்றை வகுத்து, 2009இல் தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகரை அடுத்த கயேலிட்சாவிலே பரீட்சித்தனர். அடுத்து மொரீசியசிலும் சிம்பாப்வேயிலும் நடத்தினர். பாடம் ஒவ்வொன்றும் 90 நிமிடம்: முற்பாதி 45 நிமிடம் ஆட்டத்திறன், பிற்பாதி 45 நிமிடம் சுகாதாரம். கைகழுவுதல், தூய நீர் அருந்துதல், சமச்சீர் உணவு, தடுப்பூசி, மருந்தை விதித்தபடி உட்கொள்ளுதல், போதைப்பொருளை விலக்குதல், பெண்களை மதித்தல் என்பன பாடப்பொருள்கள். எதிரியிடமிருந்து பந்தை உடலால் மறைத்துக் காக்கும் திறனைக் கற்பிக்கும் நாளில், மருந்திட்ட வலையால் நுளம்பிடமிருந்து உடலைக் காத்தல் கற்பிக்கப்படும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் மலேரியாவால் உலகில் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இறந்தனர். அவர்களில் 95 சதவீதத்தினர் ஆபிரிக்க மக்கள். அங்கு மாண்டவர்களில் நால்வரில் மூவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அக்குழந்தைகள் மைதானத்துக்கு வருவதில்லை. அவர்களின் அண்ணன்மாரும் அக்காமாரும் வருகின்றனர். பாடத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்வோர் அவர்களே.

சில வேளைகளில் விளையாட்டு ஆசிரியராக அன்றிப் பறையறைவோனாகவும் பணிபுரிந்திருக்கின்றது. 1996இல் இளம்பிள்ளைவாத நோய் ஆபிரிக்காவில் ஆண்டுக்கு 75,000 அளவு பிள்ளைகளை முடமாக்கிக்கொண்டிருந்தது. அவ்வாண்டிலே நெல்சன் மண்டேலா, போலியோவை ஆபிரிக்காவிலிருந்து உதைத்து வெளியேற்றுவோம் என்னும் பொருள்பட ஓர் இயக்கத்தைத் தொடக்கிவைத்தார். உதைபந்தாட்ட வீரர்களும் அரங்குகளும் அவ்வியக்கத்தின் குரலாயின. 2020 ஆகஸ்ட் 25ஆம் திகதி, ஆபிரிக்கப் பிராந்தியம் இயற்கையான போலியோ வைரசிலிருந்து விடுபட்டதாக உறுதிசெய்யப்பட்டது. நோயை ஒழித்தது பந்தன்று. தடுப்புமருந்தும், அதனை வீடுவீடாகக் கொண்டுசென்ற பல இலட்சம் தொண்டர்களுமே. ஆயினும் கதவைத் தட்டும் தொண்டரை அந்நியராகக் கருதாமல் தாய்மார் வரவேற்பதற்கு, முன்னரே காதில் விழுந்த செய்தி துணைசெய்தது எனலாம்.

இவ்வளவும் கூறியபின், விளையாட்டின் எல்லையையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. இத்தகைய திட்டங்களைப் பற்றிய ஆய்வுகள் பொதுவாக உணர்த்தும் உண்மை இது: அறிவு விரைவில் உயர்கின்றது; நோயாளர்மீதுள்ள வெறுப்புக் குறைகின்றது; தன்னம்பிக்கை வளர்கின்றது. ஆனால் நடத்தை மாறியதென்பதற்கும், நோய்த்தொற்றுக் குறைந்ததென்பதற்கும் சான்று அவ்வளவு வலிமையாக இல்லை. இதில் வியப்பில்லை. கைகழுவக் கற்ற பிள்ளை வீடு திரும்பும்போது அங்கே குழாயில்லை, ஒரு தகரம் தண்ணீரைப் பணம் கொடுத்து வாங்கவேண்டும், சவர்க்காரத்துக்குக் காசில்லை. சமச்சீர் உணவைப் பற்றிக் கற்ற பிள்ளை பசியோடு உறங்கச் செல்கின்றது. மூத்தவரின் பணத்துக்கு ஏமாறாதே என்று கேட்ட சிறுமிக்கு மறுநாள் பாடசாலைக் கட்டணம் யார் தருவார்? இவ்வினாக்களுக்கு ஆடுகளத்தில் விடையில்லை. இவற்றுக்கு விடை கூறவேண்டியோர் அரசினரும் நகரசபையினருமேயாவர்.

மாதாரேயே இதற்குச் சாட்சி. இளையோர் பல ஆண்டுகள் வாய்க்கால் துப்புரவு செய்த அதே பள்ளத்தாக்கில், 2024 ஏப்ரல் மாதத்துப் பெருமழையில் ஆறு பெருகி, உயிர்களையும் குடிசைகளையும் கொண்டுபோயிற்று. அதன்பின் ஆற்றங்கரைக் குடிசைகள் பலவற்றை அரசு இடித்தகற்றியது. மண்வெட்டி பிடித்த சிறுவரின் உழைப்பு வீணன்று. எனினும் ஒரு மாநகரம் செய்யவேண்டிய வடிகாற்பணியைப் பிள்ளைகளின் தோளிற் சுமத்துதல் தகாது.

மற்றோர் இடர் பணத்தைப் பற்றியது. இத்தகைய திட்டங்களிற் பல வெளிநாட்டு உதவியையே நம்பி நடக்கின்றன. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் எயிட்ஸ் தடுப்புப் பணிகள் தடுமாறின. பணியாளர் பலர் வேலையிழந்தனர். ஒரு பயிற்றுநர் ஊரைவிட்டு அகலும்போது நின்றுபோவது ஒரு பயிற்சி மாத்திரமன்று. அவரை நம்பி வாய்திறந்த பிள்ளைகளின் நம்பிக்கையும் உடன் முறிகின்றது. எனவே திட்டத்தை வகுப்போர் எத்தனை பந்துகள் வழங்குவோம் என்று கணக்கிடுவதிலும், எத்தனை ஆண்டுகள் இந்த மனிதரை இங்கே நிலைநிறுத்துவோம் என்று கணக்கிடுதல் சிறந்தது. பயிற்றுநரைத் தெரிவு செய்வதிலும் விழிப்பு வேண்டும். பிள்ளைகள் முழுமனத்தோடு நம்பும் இடத்தில் தகாதவர் ஒருவர் புகுந்தால், பாதுகாப்பைக் கற்பிக்கும் களமே ஆபத்தின் களமாகிவிடும்.

இவ்வெல்லைகளை அறிந்து நடத்தப்படும்போது விளையாட்டு ஒரு தகுந்த கருவி என்பதில் ஐயமில்லை. சிம்பாப்வேயில் முன்பு நால்வரில் ஒருவராயிருந்த தொற்றாளர் விகிதம் இப்பொழுது பத்தில் ஒருவர் என்னும் அளவுக்குக் குறைந்துள்ளது. அதனைச் சாதித்தவை பல: மருந்து, பரிசோதனை, வைத்தியத் தாதியரின் உழைப்பு, மக்களின் மனமாற்றம். மருந்தை ஒழுங்காக உட்கொண்டு கிருமி அடங்கியவரிடமிருந்து பாலுறவின் வழியே நோய் பிறருக்குத் தொற்றுவதில்லை என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. எனவே பரிசோதனைக்கு ஓர் இளைஞனை அழைத்துச் செல்வது அவனை மாத்திரமன்றி, அவன் மணக்கப்போகும் பெண்ணையும், பிறக்கப்போகும் குழந்தையையும் காப்பதாகும். சுற்றுப்போட்டி நடக்கும் மைதானத்தின் ஓரத்திலேயே பரிசோதனைக் கூடாரம் அமைத்து, ஆட்டங்களுக்கு இடையில் இளையோரை அங்கே அனுப்பும் வழக்கம் இக்காரணம் பற்றியே தோன்றியது.

சுகாதாரக் கல்வியை நடத்துவோர் எந்நாட்டினராயினும் இவ்வனுபவங்களிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. மக்கள் எங்கே தாமாகவே கூடுகின்றனரோ, அங்கே ஆசிரியர் செல்லவேண்டும். அவர்கள் யாரை நம்புகின்றனரோ, அவரையே ஆசிரியராக்கவேண்டும். கற்பதைக் காதோடு நிறுத்தாது, கையாலும் காலாலும் செய்யவைக்க வேண்டும். செய்தபின் பேசவைக்க வேண்டும். பேசியபின் வைத்தியசாலை வாயில் வரை கூடவே செல்லவேண்டும்.

பொழுது சாய்கின்றது. மாதாரேயின் மைதானத்தில் ஆட்டம் முடிந்து சிறுவர் வியர்வையுடன் கலைகின்றனர். கந்தைத் துணிப்பந்து வாய்க்காலில் விழுந்த காலம் ஒன்றிருந்தது. வாய்க்கால் துப்புரவாயிருக்கும் நாளில் பந்தும் துப்புரவாயிருக்கின்றது; பந்தெடுத்த கையும் துப்புரவாயிருக்கின்றது. அந்தக் கை வீட்டிலே தங்கையின் கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பானையண்டை அழைத்துச் சென்று கழுவிவிடுமாயின், அன்றைய ஆட்டத்தில் எந்த அணி வென்றது என்னும் கேள்வி பெரிதன்று.